காண்பதும் அறிவதும்



கண் திறந்திருந்தால் பொருள் தெரிந்துவிடும் என்று உலகோர் எண்ணுகின்றனர். காண்பது வேறு, கண்டதனை இன்னது என்று அறிவது வேறு என்பது நம் சாத்திரத்தின் துணிபு. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வழியை இன்று சிறிது சிந்திப்போம்.

பெருமான் திருவீதி எழுந்தருளும் இரவில், வீதியின் ஒரு கோடியில் நாம் நிற்கின்றோம். மறுகோடியில் தீவட்டி வெளிச்சத்தில் ஏதோ ஒன்று அசைந்து வருகின்றது. ‘ஒன்று வருகின்றது’ என்னும் அவ்வளவே முதலில் தோன்றும். பெயர், சாதி, குணம், தொழில், பொருள் என்னும் வேறுபாடுகள் இன்னும் தோன்றவில்லை. இதனை நிருவிகற்பக் காட்சி என்பர். சிறிது அணுகியதும், ‘இடப வாகனமோ, குதிரை வாகனமோ’ என்று மனம் இருபாலும் ஊசலாடுகின்றது. இஃது ஐயம். ஒருவர் விரைந்து, ‘குதிரை வாகனமே’ என்று முடிவு கட்டிவிடுகின்றார், வருவதோ இடபம். இது திரிபு. இன்னும் அணுகியபின் கொம்பும் திமிலும் தெளிவாகத் தெரிய, ‘இடப வாகனத்தில் நம் பெருமான்’ என்று அறிவு நிலைபெறுகின்றது. பெயர் முதலியவற்றோடு கூட்டி அறியும் இதுவே சவிகற்பக் காட்சி. ஐயமும் திரிபும் நீங்கியதே மாசற்ற காட்சி எனப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் வரையறுத்தருளினார்.

இத்தனையையும் செய்வது கண்தானோ? அன்று. கண் உருவத்தைக் கவர்ந்து தரும். அதன் தொழில் அவ்வளவில் முடிந்தது. அதன்பின் அந்தக்கரணங்கள் நான்கும் தொழிற்படும் முறையைத் திருவதிகை மனவாசகங்கடந்தார் உண்மை விளக்கத்தில் உணர்த்துகின்றார். மனம் பற்றும், புத்தி இன்னது என்று நிச்சயிக்கும், அகங்காரம் ‘நான்’ என்று எழுந்து நிற்கும், சித்தம் சிந்திக்கும். இவை யாவும் அமைச்சர் போன்றவை. இவற்றைக் கொண்டு அறியும் அரசன் உயிர்.

இக்கொள்கைக்கு இக்கால ஆராய்ச்சியிலும் ஒரு சான்று கிடைக்கின்றது. பிறவியிலேயே கண்ணில்லாதான் ஒருவன், உருண்டையையும் கனசதுரத்தையும் கையால் தடவி வேறுபாடு அறிந்தவன். அவனுக்குத் திடீரெனப் பார்வை வந்தால், தொடாமலே கண்ணால் பார்த்து, ‘இஃது உருண்டை, இது கனசதுரம்’ என்று சொல்வானோ? இவ்வினாவை அயர்லாந்து அறிஞர் வில்லியம் மாலினூ 1688ஆம் ஆண்டில் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு எழுதியனுப்பினார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் இதனைக் குறித்து வாதிட்டனர். பவன் சின்ஹா என்னும் விஞ்ஞானி தொடங்கிய ‘பிரகாஷ்’ திட்டத்தின் வழியாக, நம் பாரத நாட்டிலேயே இதற்கு விடை தேடினர். பிறவியிலேயே பார்வை இழந்திருந்து, சிகிச்சையால் பார்வை பெற்ற எட்டு முதல் பதினேழு வயதுவரை உள்ள ஐவரைச் சோதித்தனர்; அதன் முடிவு 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கண்ணால் கண்ட ஒன்றைக் கண்ணாலேயே மீண்டும் தெரிந்தெடுக்க அவர்களால் இயன்றது. கையால் தடவியதைக் கையாலேயே தெரிந்தெடுக்கவும் இயன்றது. கையால் அறிந்ததைக் கண்ணால் கண்டு, ‘இதுவே அது’ என்று கூறத்தான் முதலில் இயலவில்லை. சில நாட்கள் பழகிய பின்னரே அத்திறன் வளர்ந்தது. கண் திறந்த அன்றே அறிவு முழுவதும் திறந்துவிடவில்லை என்பதனை உளங்கொள்க.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. சிலருக்குக் கண் நன்றாகத் தெரியும், எழுத்தைப் படிப்பர், விழாமல் நடப்பர். ஆயினும் பெற்ற மகனே எதிரில் நின்றாலும் முகம் கண்டு அறியார். அவன் ‘அப்பா’ என்று அழைத்தால் குரலைக் கொண்டு அறிவர். 1947ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் போடாமர் இந்நிலைக்குத் தனிப்பெயர் இட்டு விளக்கினார். மூளையின் அடிப்புறத்தில், சிறப்பாக வலப்பக்கத்தில், முகங்களை அறிவதற்கு உதவும் பகுதி ஊறுபட்டால் இது நேரும் என்பர். மருத்துவர் கூறும் மூளை பருவுடலின் உறுப்பு. நம் நூல் கூறும் அந்தக்கரணம் நுண்ணிய தத்துவம். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும், காண்பதற்கும் அறிவதற்கும் இடையே கருவிகள் உள என்பதும், அவற்றுள் ஒன்று பழுதுபட்டால் காட்சி இருந்தும் அறிவு பிறவாது என்பதும் இரு திறத்தார்க்கும் உடன்பாடு.

இதனை நாம் அறிவதால் பயன் யாது? வீட்டிலே முதியோர் ஒருவர் இருக்கின்றார். நேற்று வரை பெயர் சொல்லி அழைத்த பேரனை இன்று, ‘நீ யாரப்பா?’ என்று வினவுகின்றார். ‘பாசம் போய்விட்டது’, ‘வேண்டுமென்றே செய்கின்றார்’ என்று வீட்டார் மனம் வருந்துகின்றனர். சில வீடுகளில் கடுஞ்சொல்லும் எழுகின்றது. அன்பர்களே, சற்று நில்லுங்கள். அமைச்சர் தளர்ந்தனர், அரசன் அங்கேயேதான் இருக்கின்றான். கருவி பழுதுற்றதைக் கண்டு உயிரைப் பழிப்பது, கயிற்றை அரவு எனக் காணும் திரிபை ஒக்கும். அவர் நம்மை அறியாவிடினும் நாம் அவரை அறிவோம் அன்றோ? அருகே அமர்ந்து, கையைப் பற்றி, ‘தாத்தா, நான் உங்கள் பேரன்’ என்று ஒவ்வொரு நாளும் புதிதாகச் சொல்லுங்கள். அது சிவபுண்ணியம்.

மற்றொரு பயனும் உண்டு. அயலார் ஒருவரைத் தொலைவில் கண்டு, ‘இவர் இத்தகையர்’ என்று நாம் எத்தனை முறை துணிந்துவிடுகின்றோம்! வாகனம் அணுகும் வரை பொறுத்த நாம், மனிதரை அறிய மட்டும் அவ்வளவு பொறுப்பதில்லை. ஐயமும் திரிபும் நீங்கும் வரை நாவை அடக்குதல் மாசற்ற காட்சியை நாடுவார்க்கு முதற்கடமை.

முடிவாக ஒன்று. கண் பிறவற்றைக் காணுமே அன்றித் தன்னைத் தான் காணாது. தன்னைக் காணச் செய்யும் உயிரையும் காணாது. உயிரும் அத்தன்மையதே. இறைவன் உணர்த்த உணரும் அது, உணர்த்துகின்ற அவனைத் தன் முயற்சியால் காணமாட்டாது. மெய்கண்டார் சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரத்தில் நிறுவிய உண்மை இது. கருவறை இருளில் எவ்வளவு விழித்துப் பார்த்தாலும் திருமேனி புலப்படாது. தீபம் காட்டிய அளவில் கண்ணொளியும் விளக்கொளியும் கலந்து காட்சி கூடுகின்றது. அவ்வாறே நம் அறிவோடு அவன் அருள் கலந்து நின்று காட்டினாலன்றி ஒரு துரும்பையும் நாம் அறியோம். ‘நான் கண்டேன், நான் அறிந்தேன்’ என்று எழும் செருக்கு அடங்கி, ‘நீ காட்டக் கண்டேன்’ என்று பணியும் நெஞ்சை அம்மையப்பன் நம் அனைவருக்கும் அருளுவானாக.

திருச்சிற்றம்பலம்.