மாண்ட விண்மீனை நிறுப்பது எப்படி?

விண்மீன்களுக்கும் பிறப்பு உண்டு, வளர்ச்சி உண்டு, இறப்பும் உண்டு. ஆனால் அவற்றின் ஆயுள் ஒரே அளவினதன்று. பிறக்கும்போது ஒரு விண்மீன் எவ்வளவு பொருளைத் திரட்டிக்கொள்கிறதோ, அதுவே அதன் வாழ்நாளைத் தீர்மானிக்கிறது. பொருள் மிகுந்தால் ஆயுளும் மிகும் என்றே யாருக்கும் தோன்றும். உண்மை இதற்கு நேர்மாறானது. கையிருப்பு பெரிதாயினும், செலவு அதனினும் பன்மடங்கு பெரிதாகிவிட்ட குடும்பத்தைப் போன்றவை பெரிய விண்மீன்கள். சூரியன் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகள் வாழும். அதைப்போல் 40 மடங்கு பொருளுள்ள விண்மீனோ சுமார் 50 இலட்சம் ஆண்டுகளிலேயே தன் எரிபொருளைத் தீர்த்துவிட்டு முடிவெய்துகிறது.

முடிந்தபின் எஞ்சுவது என்ன? சிலவேளை நியூட்ரான் விண்மீன் எஞ்சும். ஒரு நகரத்தின் அகலமே உடையதாயினும் சூரியனைவிட மிகுந்த பொருளைத் தன்னுள் அடக்கிய உருண்டை அது. சிலவேளை, ஒளியும் தப்ப இயலாத கருந்துளை எஞ்சும். எவ்வளவு எடையுள்ள விண்மீன் எதுவாக முடிகிறது என்பது வான நூலின் பெருவினாக்களுள் ஒன்று. ஆனால் மாண்டுபோன விண்மீனை நிறுக்கத் தராசுக்கு எங்கே போவது? அதனுடன் பிறந்த விண்மீன்களே அத்தராசு என்கின்றனர் ஆராய்ச்சியாளர்.

பீடத்தில் ஒரு கொத்து

விண்மீன்கள் பெரும்பாலும் தனித்துப் பிறப்பதில்லை. பெரியதொரு வாயுமேகம் சுருங்கி உடையும்போது நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கூட்டமாகத் தோன்றுகின்றன. அத்தகைய கூட்டமே விண்மீன் கொத்து. ஒரு கொத்திலுள்ள விண்மீன்கள் ஏறக்குறைய ஒரே வயதின, ஒரே தொலைவின. எடையில் மட்டுமே பெரிதும் வேறுபடுவன. ஆகவே விண்மீன்களின் வாழ்க்கையை ஆராய்வோருக்கு ஒவ்வொரு கொத்தும் ஓர் ஆய்வுக்கூடமாகும்.

ஜூன் மாதத்து நள்ளிரவில் மலேசிய, சிங்கப்பூர் வானின் தென்திசையில், விருச்சிகத்தின் வாலுக்குத் தெற்கே, பீடம் என்னும் சிறு மண்டலம் உயர்ந்து நிற்கும். அங்கே வெறுங்கண்ணுக்குப் புலப்படாத ஒரு கொத்து உள்ளது. சுவீடன் நாட்டு வானநூல் அறிஞர் பெங்ட் வெஸ்டர்லுண்ட் என்பவர் 1961-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வானை ஆராய்ந்தபோது இதனைக் கண்டறிந்தார். அவர் பெயராலேயே இது வெஸ்டர்லுண்ட்-1 என்று வழங்கப்படுகிறது. பால்வீதியில் அறியப்பட்ட இளங்கொத்துகளில் மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்று. சூரியனுக்கும் அதற்கு அடுத்த விண்மீனுக்கும் இடையே 4 ஒளியாண்டுக்கு மேல் வெற்றிடம் கிடக்கிறது. அதனினும் சற்றே பெரிய இடத்துள் இக்கொத்தின் பேரொளி விண்மீன்கள் நூற்றுக்கணக்கில் நெருங்கிக் கிடக்கின்றன.

புழுதித் திரை

இத்தனை ஒளியுடைய கொத்து கண்ணுக்குத் தெரியாமற் போனதேன்? இடையிலுள்ள புழுதியே காரணம். விண்மீன்களுக்கிடையே நுண்ணிய துகள்கள் பரவிக் கிடக்கின்றன என்பதை 1930-இல் ராபர்ட் டிரம்ப்ளர் என்பவர் விண்மீன் கொத்துகளைக் கொண்டே மெய்ப்பித்தார். காட்டுத்தீயின் புகைமூட்டம் படர்ந்த நாளில் சூரியன் மங்கிச் சிவந்து தோன்றுவதைப் பலரும் கண்டிருப்பர். அத்துகள்கள் நீல ஒளியை மிகுதியாகத் தடுக்கின்றன. செவ்வொளியைக் குறைவாகத் தடுக்கின்றன. விண்புழுதியும் அவ்வாறே செய்கிறது. வெஸ்டர்லுண்ட்-1இலிருந்து வரும் கண்ணுறு ஒளியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடப் பூமியை வந்தடைவதில்லை.

இத்திரையின் கனத்தை அளக்கும் வழி நுட்பமானது. விண்மீனின் ஒளியைப் பிரித்து நிறமாலையாக்கினால் அதில் கரிய கோடுகள் காணப்படும். அவை விண்மீனின் வெப்பநிலையைக் காட்டிவிடுகின்றன. வெப்பநிலை தெரிந்தால் அதன் இயல்பான நிறம் தெரியும். இயல்பான நிறத்துக்கும் காணும் நிறத்துக்கும் உள்ள வேறுபாடே புழுதியின் அளவு. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்கள் புழுதியை எளிதில் ஊடுருவுவதால், அவற்றைக் கொண்டும் இக்கணக்கைச் சரிபார்க்கிறார்கள்.

தொலைவே அடிப்படை

அடுத்தது தொலைவு. ஒரே விளக்கு இருமடங்கு தொலைவுக்குச் சென்றால் நான்கில் ஒரு பங்கு ஒளியே தரும். எனவே தொலைவை இருமடங்கு தவறாகக் கணித்தால், விண்மீனின் உண்மை ஒளி நான்கு மடங்கு தவறிப்போகும். ஒளி தவறினால் எடை தவறும். எடை தவறினால் வயதும் தவறும்.

விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒவ்வொரு கண்ணாலும் மாறி மாறிப் பார்த்தால் விரல் இடம் பெயர்வதுபோல் தோன்றும். பூமி சூரியனைச் சுற்றி வரும்போது விண்மீன்களும் அவ்வாறே சிறிது பெயர்வதுபோல் தோன்றுகின்றன. அப்பெயர்ச்சியை அளந்தால் தொலைவு கிட்டும். ஆனால் இக்கொத்தின் பெயர்ச்சி எவ்வளவு சிறிது தெரியுமா? இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள நாணயத்தை ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவே! 2013-இல் ஐரோப்பியர் ஏவிய காயா விண்கலம் இத்தகைய அளவையை மேற்கொண்டது. அதன் அளவைகளைக் கொண்டு 2020-இல் ஒரு குழுவினர் 8,500 ஒளியாண்டு என்றனர். பிழைகளைத் திருத்தி 2022-இல் கணித்தவர்கள் 13,000 ஒளியாண்டுக்கு மேல் என்றனர்.

பிழையற்ற தராசு

தொலைவையும் புழுதியையும் நம்பாமலே எடை காணும் வழி ஒன்றும் உண்டு. இக்கொத்தில் ஓர் இரட்டை விண்மீன் உள்ளது. இரண்டும் ஒன்றையொன்று 9 நாளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் சுற்றி வருகின்றன. ஒன்று மற்றொன்றை அவ்வப்போது மறைக்கிறது. சுற்றும் வேகத்தை நிறமாலைக் கோடுகள் காட்டும். சுற்றுப்பாதையின் சாய்வை மறைப்புகள் காட்டும். எஞ்சியதை நியூட்டனின் ஈர்ப்பு விதி சொல்லிவிடும். 2010-இல் வெளியான ஆய்வின்படி, அவற்றுள் ஒன்று சூரியனைப்போல் சுமார் 35 மடங்கு. மற்றொன்று சுமார் 23 மடங்கு.

இனித் தராசின் பயனைக் காணலாம். தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி, 2005-இல் இக்கொத்தினுள் ஒரு புதுமையைக் கண்டது. 10.6 வினாடிக்கு ஒருமுறை துடிக்கும் நியூட்ரான் விண்மீன் அது. பூமியின் காந்தத்தைப் போல் கோடி கோடி மடங்கு வலிய காந்தம் கொண்ட மாக்னட்டார் என்னும் வகையைச் சேர்ந்தது. அதனைப் பெற்றெடுத்த விண்மீன் முன்னரே மடிந்துவிட்டது. உடன்பிறந்தவற்றுள் 35 மடங்கு எடையுள்ளது இன்னும் உயிரோடிருக்க, அதற்கு முன்னரே மடிந்தது அதனினும் பெரியதாகத்தான் இருந்திருக்க வேண்டும். 40 மடங்குக்குக் குறையாது என்று கணித்தனர்.

இங்கேதான் வியப்பு எழுந்தது. அவ்வளவு பெரிய விண்மீன் கருந்துளையாக அன்றோ முடிந்திருக்க வேண்டும்? அதற்கு ஒரு துணை விண்மீன் இருந்திருக்கலாம். இரண்டும் பொருளை மாற்றிக்கொண்டதால் மடிந்த விண்மீன் இறுதியில் மெலிந்திருக்கலாம் என்பது ஒரு விடை. கொத்தைவிட்டு விரைந்து விலகியோடும் ஒரு விண்மீனை, அவ்வெடிப்பில் தூக்கி எறியப்பட்ட துணையாக 2014-இல் ஓர் ஆய்வுக் குழுவினர் அடையாளம் காட்டினர்.

புதிய ஐயம்

ஆயினும் வழக்கு முடிந்துவிடவில்லை. இக்கொத்தின் வயது சுமார் 50 இலட்சம் ஆண்டு என்று பலர் கணித்திருந்தனர். 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று, இங்குள்ள செம்பெரு விண்மீன்களின் ஒளி அவ்வயதுக்குப் போதாது என்றும், அவை சுமார் ஒரு கோடி ஆண்டு வயதினவாகத் தோன்றுகின்றன என்றும் காட்டியது. அப்படியானால் இக்கொத்தின் விண்மீன்கள் யாவும் ஒரே காலத்தில் பிறந்தவைதாமா? அல்லது இரட்டைகள் ஒன்றோடொன்று கலந்து, வயதை மறைத்து இளமைத் தோற்றம் காட்டுகின்றனவா? பிறந்த காலம் வேறுபடுமானால், உடன்பிறப்பைக் கொண்டு மாண்டதை நிறுத்த கணக்கும் தளர்ந்துவிடும்.

புழுதியை அளப்பதும் தொலைவைத் திருத்துவதும் வெறும் எண்விளையாட்டு என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் ஒரு விண்மீன் எதனால் கருந்துளையாகிறது, எதனால் ஆகாமற் போகிறது என்னும் பெருவினாவுக்கான விடை அந்தச் சிற்றெண்களையே பற்றி நிற்கிறது. அடிப்படை அளவை எத்துணைத் திருத்தமோ, அதன்மேல் எழுப்பும் முடிவும் அத்துணையே உறுதியாகும்.