பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின்: கல்லூரிப் பட்டியலை வகுக்கும் முறை

டில்லியிலும் மும்பையிலும் நாகபுரியிலும் கொல்கத்தாவிலும் உத்தியோக நிமித்தம் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பை எட்டியதும் ஒரு கேள்வி எழுகின்றது. இனி இவர்களை எங்கே சேர்ப்பது? ஊரில் உள்ளவர்களுக்கு இக்கேள்வி பெரும்பாலும் ஒரு மாநிலத்தின் எல்லைக்குள் முடிந்துவிடும். நமக்கோ இரண்டு மாநிலங்கள். சில வேளைகளில் இரண்டிலுமே நாம் அயலார். ஆதலால் எந்தெந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது என்ற பட்டியலை வகுப்பது நமக்கு மற்றவர்களைக் காட்டிலும் கடினமான வேலை. கவனத்தோடு வகுத்தால் மற்றவர்களுக்கில்லாத சில வாய்ப்புகளும் அதில் உண்டு.

பல கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும்போது அவை யாவும் ஒரே தரத்தனவாக இருத்தலாகாது. கிடைத்தால் பெரும்பேறு என்று கருதத்தக்கவை சில. பிள்ளையின் மதிப்பெண்ணுக்கு இயல்பாகப் பொருந்துபவை சில. கிடைக்காமற் போவதற்கு அநேகமாக இடமே இல்லாதவை ஒன்றிரண்டு. இம்மூன்றும் கலந்திருப்பதே சமநிலையான பட்டியல். ஆனால் பெரும்பாலான இல்லங்களில் முதல் வகையில் பதினைந்து பெயர்கள் இருக்கும். இரண்டாவதில் இரண்டு இருக்கும். மூன்றாவதை எழுதுவதே பிள்ளையை அவமதிப்பதாகும் என்று தந்தை நினைப்பார். நாமும் அப்படி நினைத்தவர்களே.

மூன்றாம் வகையைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டும். எளிதில் இடம் கிடைக்கும் கல்லூரி என்பது மட்டும் போதாது. அங்கே இடம் கிடைத்தால் பிள்ளை மனமொப்பிச் சேர வேண்டும். கட்டணத்தையும் விடுதிச் செலவையும் குடும்பம் தாங்க வேண்டும். சேர மாட்டோம் என்று தெரிந்தே எழுதிய பெயர் காகிதத்தில் இருக்கும். ஜூலை மாதத்தில் உதவிக்கு வராது. ஆதலால் முதல் வகையைத் தேர்ந்தெடுக்கச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது இந்த மூன்றாம் வகைக்குச் செலவிடுதல் தகும். நல்ல ஆசிரியர்கள் உள்ள, பெயர் அதிகம் பரவாத கல்லூரிகள் எல்லா நகரங்களிலும் இருக்கின்றன. அவற்றை நேரில் சென்று பார்த்து, அங்கே படிக்கும் மாணவர் இருவரிடம் பேசினால் பாதி ஐயம் தீர்ந்துவிடும்.

எந்தக் கல்லூரி எந்த வகையைச் சேர்ந்தது என்பதை எவ்வாறு அறிவது? ஊகத்தால் அன்று. தேசியத் தொழில்நுட்பக் கழகங்கள், இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் ஆகியவற்றின் சேர்க்கையை 2015 முதல் ஜோசா என்னும் கூட்டு அமைப்பு நடத்துகின்றது. ஒவ்வொரு பாடப்பிரிவிலும் கடைசியாக இடம் பெற்றவரின் தரவரிசை எண்ணை அது வெளியிடுகின்றது. டில்லிப் பல்கலைக் கழகமும் கல்லூரிவாரியாகக் குறைந்தபட்ச மதிப்பெண்களை வெளியிடுகின்றது. மூன்று ஆண்டுகளின் எண்களை எடுத்து, இறுதிச் சுற்றுக்குரியதை மட்டும், நமக்குரிய பிரிவில் மட்டும் பார்க்க வேண்டும். ஒப்பிடுவதற்குப் பிள்ளை மாதிரித் தேர்வுகளில் பெற்ற மிக உயர்ந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வது பெற்றோருக்கு இயல்பு. இடைநிலை மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வதே உண்மைக்கு அருகில் இருக்கும். முறை மாறிய ஆண்டுகளுக்கு முந்திய எண்கள் பயன்படா. 2021இல் டில்லியில் சில கல்லூரிகளின் சில பாடங்களுக்கு நூற்றுக்கு நூறு கேட்கப்பட்டது. 2022 முதல் கியூட் என்னும் பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டபடியால் அந்தப் பழைய கணக்கு இன்று வெறும் கதையே.

கியூட் தேர்வைக் குறித்து இன்னொன்று. டில்லிப் பல்கலைக் கழகம், காசி இந்துப் பல்கலைக் கழகம், திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக் கழகம், புதுச்சேரிப் பல்கலைக் கழகம் எல்லாம் இந்த ஒரு தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு சேர்ப்பவை. ஆகவே முப்பது கல்லூரிகளின் பெயர்களை எழுதியிருந்தாலும், அவை முழுவதும் ஒரு தேர்வையே நம்பியிருக்குமானால் அதைச் சமநிலையான பட்டியல் என்று கூறுவதற்கில்லை. தேர்வன்று காய்ச்சல் வந்தால் முப்பதும் ஒருங்கே போய்விடும். வாரியத் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் ஒரு வழியும் பட்டியலில் இருத்தல் அவசியம். பொறியியல் விரும்புவோருக்கு அத்தகைய வழி தமிழ்நாட்டிலேயே உண்டு. அங்கே நுழைவுத் தேர்வு நெடுநாட்களுக்கு முன்பே நீக்கப்பட்டது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்கு வகுத்துத் தரவரிசை அமைக்கிறார்கள். மத்திய வாரியத்தில் படித்த பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம்.

இங்கேதான் வெளிமாநிலத் தமிழரின் விசித்திர நிலை தெரிகின்றது. தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தவருக்கு உரியவை. மாநிலத்தவர் யார் என்பதைத் தாய்மொழியோ பூர்வீகமோ தீர்மானிப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் தேறினார் என்பதே தீர்மானிக்கின்றது. தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்விலோ, வெளியூரில் படித்திருந்தாலும் தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர் என்று சான்று காட்டினால் இடமுண்டு. விளைவு யாதெனில், டில்லியில் படித்த ஒரே பையன் கிண்டிப் பொறியியல் கல்லூரிக்குத் தமிழ்நாட்டான். திருச்சித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு டில்லிக்காரன். திருச்சியில் பொருந்தும் வகையில் நாம் எழுதியது உண்மையில் எட்டாத வகையாக இருக்கலாம். பதினோராம் வகுப்பின்போது மாற்றல் உத்தரவை எதிர்நோக்கியிருக்கும் அன்பர்கள் இதை மனத்திற் கொள்வது நல்லது. குடும்பத்தை எப்போது எங்கே கொண்டுபோவது என்பதில் இதுவும் ஒரு கணக்கு.

தமிழ்நாட்டு வழிக்குத் திறவுகோல் பிறப்பிடச் சான்றிதழ். பிறப்புச் சான்றிதழ் என்பது வேறு, இது வேறு. ஓரிரண்டு எழுத்து வேற்றுமையில் எத்தனையோ குடும்பங்கள் தடுமாறியதைக் கண்டிருக்கிறோம். பிள்ளை டில்லி மருத்துவமனையிற் பிறந்திருக்கலாம். பெற்றோரின் பூர்வீகத்தை ஆவணங்களால் நிறுவுவதே இங்கு வேண்டுவது. பெற்றோரின் பள்ளிச் சான்றுகளும் குடும்ப அட்டை போன்றவையும் கேட்கப்படும். நம் மூத்த மகளின் விஷயத்தில் நாம் இடறி விழுந்தது இவ்விடத்திலேதான். வடநாட்டுப் பள்ளிகளில் முதலெழுத்து என்றால் என்னவென்று புரிவதில்லை. குடும்பப் பெயர் எது என்று கேட்டார்கள். நாமும் நம் பெயரையே அவள் பெயருக்குப் பின்னால் சேர்த்துக் கொடுத்தோம். நம் பள்ளிச் சான்றில் தகப்பனாரின் முதலெழுத்து முன்னால் நிற்கின்றது. அலுவலகக் குறிப்பேட்டில் அம்முதலெழுத்தே முழுப் பெயராக விரிந்து பின்னால் போயிருந்தது. ஆக ஒரே மனிதர் மூன்று காகிதங்களில் மூன்று பேராக நின்றார். இணையவழியில் அனுப்பிய மனு விளக்கம் கேட்டுத் திரும்பியது; ஊருக்குச் சென்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிச் சான்று பெறுவதற்குள் சேர்க்கைக்கான நாள் கடந்துவிட்டது. அவள் வாங்கிய மதிப்பெண் அந்த ஆண்டு அங்கே தாராளமாகப் போதுமானதாயிருந்தது. நாளெல்லாம் பிறருடைய ஆவணங்களை மொழிபெயர்க்கும் நாம், சொந்த வீட்டு ஆவணங்களை ஒருமுறை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கத் தவறிவிட்டோம்.

இடஒதுக்கீட்டிலும் இதே இரட்டை நிலை உண்டு. மத்திய நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு மத்தியப் பட்டியல். அதில் வளமான பிரிவினர் விலக்கப்படுவர். தமிழ்நாட்டின் பட்டியல் வேறு. அங்கே அவ்வகை விலக்கு இல்லை. மத்தியப் பட்டியலுக்குரிய சான்று அந்த நிதியாண்டுக்குரியதாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் ஜூன் மாதத்தில்தான் அறிகிறார்கள். பட்டியல் சாதியினர் விஷயத்தில், ஒரு மாநிலத்தில் உள்ள உரிமை, குடிபெயர்ந்து சென்ற மாநிலத்தின் ஒதுக்கீட்டில் தானே தொடர்வதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. ஆதலின் ஒரே பிள்ளை ஒரு கல்லூரிக்கு ஒரு பிரிவிலும் வேறொரு கல்லூரிக்கு வேறு பிரிவிலும் நிற்க நேரும். கல்லூரியின் பெயருக்கு எதிரே எந்தப் பிரிவு என்பதையும் குறித்துக்கொண்டால்தான் மூன்று வகையாகப் பிரிப்பதற்குப் பொருள் உண்டு.

பெங்களூரில் வாழ்வோர் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். கர்நாடகத்தில் மாநில ஒதுக்கீட்டுக்கு உரியவராகும் முக்கியமான வழி, பள்ளி முதல் புகுமுக வகுப்பு வரை ஏழு கல்வியாண்டுகள் அங்கே படித்திருப்பது. மும்பை அன்பர்களுக்கு ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. மொழிச் சிறுபான்மையினர் யார் என்பதை மாநிலத்தை அலகாகக் கொண்டே முடிவு செய்ய வேண்டும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. தமிழ்நாட்டில் பெரும்பான்மையான நாம் மகாராஷ்டிரத்தில் சிறுபான்மையினர். தமிழரை அவ்வாறு கொண்டு நடத்தப்படும் கல்லூரிகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. பள்ளிச் சான்றில் தாய்மொழி தமிழ் என்று எழுதப்பட்டிருக்கின்றதா என்று பார்த்துக்கொள்ளல் வேண்டும். இந்தி என்று எழுதிவிட்டுப் பின்னர் வருந்தியவர்களை அறிவோம்.

பட்டியல் என்னும் சொல் இரண்டு வேறு பொருள்களில் வழங்குகின்றது. தனித்தனியே விண்ணப்பமும் கட்டணமும் செலுத்தும் இடங்களின் பட்டியல் ஒன்று. அதைத்தான் மூன்று வகையாகக் கலந்து வகுக்கச் சொன்னோம். கலந்தாய்வின்போது கணினியில் விருப்ப வரிசையாக எழுதித் தருவது மற்றொன்று. இரண்டாவதில், கிடைக்காது என்று அஞ்சி விருப்பமானதைக் கீழே தள்ளிக் கிடைக்கக் கூடியதை மேலே எழுதுவது பெருந்தவறு. ஜோசா முறையில் உங்கள் தரவரிசைக்கு எட்டக்கூடியவற்றுள் வரிசையில் முதலாவதாக நிற்பதே ஒதுக்கப்படும். எட்டாததை மேலே எழுதியதற்காகக் கீழே உள்ளது பறிபோவதில்லை. டில்லிப் பல்கலைக் கழகத்திலும் கொள்கை இதுவே. ஆகவே அங்கே மனத்தில் உள்ள வரிசையிலேயே, நீளமாக எழுத வேண்டும். சேர விரும்பாததை மட்டும் எழுதலாகாது. அது ஒதுக்கப்பட்டுவிட்டால் சிக்கல். ஒதுக்கப்பட்ட இடத்தை உரிய நாளுக்குள் ஏற்காவிட்டால் பின்வரும் சுற்றுகளிலும் இடம் இராது.

ஒரு கல்லூரியில் பணம் கட்டிவிட்டு, அதனினும் விரும்பிய இடம் பின்னர் கிடைத்தால் என்ன செய்வது என்ற அச்சமும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட அறிவிக்கையின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பதினைந்து நாட்களோ அதற்கு மேலோ இருக்கையில் விலகினால் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்க வேண்டும். பின்னர் நாள் செல்லச் செல்ல அது குறையும். கடைசி நாளுக்குப் பின் முப்பது நாட்கள் கடந்துவிட்டால் ஒன்றும் இல்லை. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் நிறுத்தி வைத்தலும் கூடாது. சேரும் முன் அக்கல்லூரியின் விதிகளை எழுத்தில் வாங்கிப் படித்து வைத்திருப்பது பிற்பாடு வாதாட உதவும்.

நம் இளைய மகன் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறான். வாரியத்துக்குப் பெயர் அனுப்பும் முன் பள்ளியில் நம் கையொப்பம் கேட்டார்கள். ஊரிலிருந்து நம் பள்ளிச் சான்றை வரவழைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகே ஒப்பமிட்டோம். பிறப்பிடச் சான்றுக்கு இந்தப் பொங்கல் விடுமுறையிலேயே மனுச் செய்வதாக இருக்கிறோம்.