நுரையை வைத்து ஊரைச் சொல்வது

மழைக்காலத்தில் மதகைத் திறந்தால் ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே தென்பெண்ணையில் வெள்ளை நுரை மலைபோல் எழும். பெங்களூருக் கழிவின் கைவேலை அது. அங்கே ஆற்றில் என்ன கலக்கிறது என்று பார்க்க அங்கே போக வேண்டாம். இங்கே ஒரு குடம் மொண்டால் போதும். வயிற்றுப் பிள்ளையின் குரோமோசோமைப் பார்க்கவும் மருத்துவர்கள் இப்படித்தான் கீழ்க்கரையில் நிற்கப் பழகினார்கள்.

முன்பெல்லாம் பனிக்குடத்தில் ஊசி இறக்க வேண்டும். கரு கலையும் ஆபத்து சிறிதுதான், ஆனாலும் யாருக்குத் துணிவு வரும்? பிள்ளையின் பக்கத்திலிருந்து செல்கள் தாயின் ரத்தத்துக்கு வருவது 1893-லேயே தெரியும். பேறுகால வலிப்பில் இறந்த பெண்களின் நுரையீரலில் நஞ்சுக்கொடிச் செல்களை ஜெர்மானியர் கியோர்க் ஷ்மோர்ல் கண்டார். தொல்லை எண்ணிக்கையில்தான். ஒரு மில்லி ரத்தத்தில் தாயின் சிவப்பணுக்கள் சுமார் 400 கோடி. பிள்ளையின் செல் ஒன்றோ இரண்டோ. ஒளிரும் சாயம் ஏற்றியும் காந்தத் துகள் ஒட்டி இழுத்தும் பல ஆண்டுகள் தேடினார்கள். கிடைத்தாலும் நிம்மதியில்லை. மகனைப் பெற்று 27 ஆண்டுகள் ஆன தாயிடமும் ஆண் செல்கள் இருப்பதை 1996-ல் டயானா பியாங்கி குழு காட்டியது. அகப்பட்டது இப்போதைய பிள்ளையுடையதா, மூத்தவனுடையதா?

1997-ல் ஹாங்காங்கைச் சேர்ந்த டென்னிஸ் லோ செல்லையே விட்டுவிட்டு, மற்றவர்கள் கொட்டிவிடும் பிளாஸ்மாவில் தேடினார். ஆண் பிள்ளையைச் சுமந்த 30 பேரில் 24 பேரிடம் ஒய் குரோமோசோமின் துணுக்கு கிடைத்தது. இந்தத் துணுக்கு டிஎன்ஏ பிரசவமான சில மணி நேரத்தில் மறைந்துவிடும். பழைய பாக்கி இல்லை. பத்தாவது வார வாக்கில், பிளாஸ்மாவில் மிதக்கும் டிஎன்ஏவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இதுதான்.

ஓசூர்க்காரர்களுக்கு இது தூரத்துச் சங்கதியல்ல. பெங்களூரு போகும் சாலையில், பொம்மசந்திராவில் மெட்ஜீனோம் ஆய்வகம் இந்தத் துணுக்குகளை வைத்துக் குரோமோசோமைப் பார்க்கும் சோதனையைச் செய்கிறது. ரத்தம் எடுக்கும் குழாயே தனி ரகம். சாதாரணக் குழாயில் தாயின் வெள்ளணுக்கள் வழியிலேயே உடைந்து, பிள்ளையின் துணுக்குகளைத் தம் டிஎன்ஏவில் மூழ்கடித்துவிடும். அவை உடையாமல் காக்கும் மருந்து இந்தக் குழாயில் உண்டு.

ஒன்று கவனிக்க வேண்டும்: துணுக்கு வருவது பிள்ளையிடமிருந்து அல்ல, நஞ்சுக்கொடியிலிருந்து. இரண்டும் அபூர்வமாக மாறுபடும். ஆகவே டவுன் சிண்ட்ரோம் என்னும் குரோமோசோம் கோளாறு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், உறுதிசெய்யப் பழைய ஊசிதான். இன்னொரு விசித்திரமும் உண்டு. லோவுக்கு வழிகாட்டிய அந்த ஒய்யைப் பற்றித்தான் இங்கே ஆய்வகம் வாய் திறக்கக் கூடாது. பிள்ளையின் பாலினத்தைச் சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.