நெல்லிக்கனிக் கதையின் உட்பொருள்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையார்க்கு நெல்லிக்கனி ஈந்த கதையைத் தமிழ்ச் சிறார் யாவரும் அறிவர். கொடைப்பெருமை உணர்த்தவே அது கூறப்பெறுகின்றது. ஆயினும் கதையின் உயிர்நிலை கொடையன்று, கொடுத்தவன் காத்த மௌனமே என்பது எம் கருத்து.

சிறுபாணாற்றுப்படை கனியீந்த செய்தியை மட்டுமே சுட்டுகின்றது. புறநானூற்று 91ஆம் பாட்டோ, மலைப்பிளவில் அரிதிற் பெற்ற அக்கனியின் பயனை அவன் கூறாது தன்னுள்ளே அடக்கிக்கொண்டான் என்கின்றது. கூறியிருப்பின் ஔவையார் உண்ண இசைந்திரார். பெறுவோரின் நாணத்தையும் மறுப்பையும் முன்னுணர்ந்து தன் இழப்பை மறைப்பது முதிர்ந்த உள்ளத்தின் செயல். அதுவும் போர்க்களத்தில் சாவை அடுத்தடுத்துக் கண்டவன் நெடுவாழ்வை விட்டுக்கொடுக்கின்றான். அத்தகைய கனி உலகில் உண்டோ என்பது இங்கு வினாவன்று.

பாட்டில் ஔவையார் அவனை நீலமணி மிடற்றிறைவனைப் போல நிலைபெறுக என வாழ்த்துகின்றார். நஞ்சை மிடற்றில் அடக்கியவனை, மறைபொருளை நெஞ்சில் அடக்கியவனுக்கு உவமையாக்கியது தற்செயலன்று போலும்.

வாழ்த்துப் பலிக்கவில்லை. தகடூரைப் பெருஞ்சேரல் இரும்பொறை எறிந்தான் என்பது பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தால் தெரிகின்றது. ஈந்தவன் மாய, உண்டவர் எஞ்சியிருந்து கையறுநிலை பாடினார். 232ஆம் பாட்டில் அவன் நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சிறுகலத்தில் கள் உகுக்கின்றனர். நாடே கொடுப்பினும் கொள்ளாதவன் இதனைக் கொள்வானோ என ஏங்குகின்றார் ஔவையார். கதை கூறுவோர் இப்பகுதியைச் சிறார்க்குச் சொல்வதில்லை.