மொட்டை மாடியில் அறை எழுப்பும் முன் கீழ் வீட்டைக் கவனிப்போம்

மகனுக்குத் திருமணம் பேசி முடித்ததும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பல வீடுகளில் அடுத்து எழும் பேச்சு, "மாடியில் ஒரு ரூம் போட்டுவிடலாமா?" என்பதுதான். இன்று இப்பகுதிகளில் தனி மனை வாங்குவது நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத கனி. மொட்டை மாடியோ சும்மா கிடக்கிறது. யோசனை தவறில்லை. ஆனால் மேலே என்ன கட்டலாம் என்று கேட்பதற்கு முன், கீழே உள்ளது எதைத் தாங்கும் என்று கேட்க வேண்டும்.

12 அடிக்கு 15 அடி அளவில் ஓர் அறை என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர், பத்தடி உயரம், மேலே ஐந்து இஞ்ச் கான்கிரீட் தளம். சுவர் மட்டுமே ஏறத்தாழ 20 டன், தளம் 5 டன். அதாவது 25 டன் எடை ஒரே இடத்தில் உட்காருகிறது. ஆட்கள் ஏறி இறங்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணய விதி எடுத்துக்கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. குடியிருக்கும் அறைக்கு 200 கிலோ. சுவரின் எடை இதில் சேராது. வீட்டைக் கட்டியபோது பின்னால் மாடி வரும் என்று கணக்கிட்டு அஸ்திவாரமும் பில்லரும் போட்டிருந்தால் கவலை குறைவு. தரைத்தளம் போதும் என்று கட்டிய வீடாக இருந்தால்? பில்லரே இல்லாமல் சுவர்தான் கூரையைத் தாங்குகிறது என்றால்? மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்து "தாங்கும் பாய், பயப்படாதீங்க" என்பார். அவர் அனுபவசாலியாக இருக்கலாம். ஆனால் மண்ணுக்கு அடியில் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்பது தட்டிப் பார்த்தால் தெரியாது.

கட்டமைப்புப் பொறியாளரை (வரைபடம் போட்டுத் தருபவரை அல்ல) அழைத்து, ஒரு மூலையிலாவது தோண்டி அஸ்திவாரத்தைக் காட்ட வேண்டும். பில்லர், பீம்களின் கான்கிரீட் பலத்தை ரீபவுண்ட் ஹேமர் என்னும் கருவியால் உடைக்காமலே ஓரளவு அறியலாம். ஏரிகளை ஒட்டி எழுந்த குடியிருப்புகளில் களிமண் நிலம் உண்டு. அது மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். சுவரில் ஏற்கெனவே சாய்வான வெடிப்பு இருந்தால் அதன் காரணம் தெரியும்வரை மேலே ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது.

போரூர் அருகே மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டி முடிக்கும் நிலையில் இருந்த 11 மாடிக் கட்டடம் மழை நேரத்தில் சரிந்து 61 பேர் மாண்டதை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது பெரிய கட்டடம், நம்முடையது சிறிய வீடு என்பது உண்மைதான். சுமை இறங்கும் விதி மட்டும் இரண்டுக்கும் ஒன்றே.

வட்டிக் கடன் வேண்டாம் என்று கையில் பணம் சேரச் சேரக் கட்டுவோர் நம்மில் அதிகம். நல்ல முடிவுதான். ஆனால் "பிறகு கட்டலாம்" என்று மாடியில் நீட்டிவிட்ட பில்லர் கம்பிகள் பத்து வருடம் மழையில் நின்று துருப்பிடித்து மெலிந்திருக்கும். அதே கம்பியில் புதுக் கம்பியைக் கட்டிக் கான்கிரீட் ஊற்றுவது ஆபத்து. துருவின் அளவைப் பொறியாளர் பார்த்த பிறகே இணைக்க வேண்டும்.

வீடு முழுச் சுமையைத் தாங்காது என்றால் வழி அடைபட்டுவிடவில்லை. அதே அளவு சுவரை எட்டு இஞ்ச் ஏ.ஏ.சி. பிளாக்கில் கட்டினால், பூச்சு வேலை நீங்கலாக, 7 டன்னுக்குள் முடியும். இரும்புச் சட்டம் நிறுத்தி ஷீட் போட்டால் இன்னும் குறையும். வெறும் ஷீட்டின் கீழ் மே மாதத்தில் படுக்க முடியாது. வெப்பம் தடுக்கும் அடுக்குள்ள ஷீட் தேவை. புது அறையின் தலையில் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியைத் தூக்கி வைத்தால் மறுபடி ஒரு டன் கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அனுமதி விஷயம். அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் வருகிறது, ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. 2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம் வந்தபோது அது 2500 சதுர அடி வரையிலான மனையில், 3500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடுகளுக்கானதாக இருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல் வீடு உங்களுடையது என்பதால் மொட்டை மாடியும் உங்களுடையதாகிவிடாது. தெருவில் போகும் மின்கம்பிக்கும் புதுச் சுவருக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும். குறுகிய தெருக்களில் பால்கனியை நீட்டும்போது இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. வாப்பா பெயரில் உள்ள வீட்டின் மேல், வளைகுடாவில் உழைக்கும் ஒரு மகன் தன் பணத்தில் மாடி கட்டுகிறார். வாப்பாவின் காலத்துக்குப் பின் பாகம் பிரிக்கும்போது அந்த மாடி யாருடையது? சகோதர சகோதரிகள் பேசாமல் போவது இந்த இடத்தில்தான். அந்தப் பணம் வாப்பாவுக்குத் தந்த அன்பளிப்பா, கடனா, அல்லது அந்தத் தளத்துக்கான உரிமையா என்பதை, அவர் இருக்கும்போதே எல்லோரையும் உட்கார வைத்து எழுதி, வழக்கறிஞரிடம் காட்டி, தேவைப்பட்டால் பதிவும் செய்துவிட்டு, அதன் பிறகு மணல் இறக்குங்கள்.