மாசமாக இருக்கையில் எப்படி அசைவது, எங்கே உட்காருவது

2009 ஜனவரியில் பிரேசிலில் நடந்த கோல்ஃப் போட்டியில் ஸ்காட்லாந்தின் கேட்ரியோனா மேத்யூ பட்டம் வென்றபோது அவருக்கு ஐந்து மாதம். மே மாதம் இரண்டாவது மகள் பிறந்தாள். அடுத்த பதினோரு வாரத்தில் பெண்களுக்கான பிரிட்டிஷ் ஓப்பன் கோப்பையும் அவர் கைக்கு வந்துவிட்டது. நம் மாநிலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடில் ஹரிகா துரோணவல்லி நிறைமாத வயிற்றோடு பலகை முன் அமர்ந்தார். இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வென்றது.

பட்டாசும் தீப்பெட்டியும் தொழிலாக உள்ள தாயில்பட்டியில் கோல்ஃப் புல்வெளி கிடையாது. காலையில் ஆலை வேன் ஏறிப் போய் தரையில் அமர்ந்து திரி வைப்பவர்களும், சரம் பின்னுபவர்களும், வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டுபவர்களும்தான் இங்கே இருக்கிறார்கள். ஆனாலும் கர்ப்பம் எல்லா உடம்பையும் ஒரே விதமாகத்தான் மாற்றுகிறது. அந்த வீராங்கனைகளால் மாறும் உடம்புக்குத் தக்கபடி ஆட்டத்தை மாற்றிக்கொள்ள முடிந்தது. தாயில்பட்டிப் பெண்ணுக்கு அவளுடைய வேலையும் அப்படி மாற வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது

கர்ப்பத்தில் உடலின் இரத்த அளவு ஏறக்குறைய பாதியளவு கூடிவிடுகிறது. இதயம் நிமிடத்துக்குப் பத்து முதல் இருபது துடிப்பு அதிகம் துடிக்கிறது. ரிலாக்சின் என்ற ஹார்மோன் மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்களைத் தளர்த்துகிறது. பிரசவத்துக்கு இடுப்பெலும்பு வழிவிட இந்தத் தளர்ச்சி தேவைதான். ஆனால் கணுக்காலும் முழங்காலும் சேர்ந்தே தளர்வதால் கால் எளிதில் பிசகும். வயிறு முன்னே வர வர உடலின் சமநிலையும் முன்னே நகரும். அதை ஈடுகட்ட முதுகு பின்னால் வளையும், இடுப்பு வலி தொடங்கும்.

கோல்ஃப் ஆடும் கர்ப்பிணிகளுக்குச் சொல்லப்படும் யோசனைகள் இதிலிருந்தே வருகின்றன. பந்திலிருந்து சற்றுத் தள்ளி நிற்க வேண்டும், கால்களை அகட்டி ஊன்ற வேண்டும், மட்டையை முழு வீச்சில் சுழற்றாமல் பாதியில் நிறுத்த வேண்டும். பந்தை எடுக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்க வேண்டும். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும் பெண்ணுக்கும் கடைசி யோசனை அப்படியே பொருந்தும்.

வேலை வேறு, பயிற்சி வேறு

“நாள் முழுக்கக் குனிஞ்சு நிமிருறேன், இதுக்கு மேல நடை எதுக்கு?” என்று கேட்பது நியாயமாகவே படும். ஆனால் உடற்பயிற்சியில் வேகமும் ஓய்வும் நம் கையில் இருக்கின்றன. துண்டுக் கணக்குக் கூலியில் அப்படி இல்லை. எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும் என்பதால் கால் மரத்துப்போனாலும் எழ மனம் வராது.

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்கும் பரிந்துரைக்கிறது. கர்ப்பகாலச் சர்க்கரை நோயும் அளவுக்கு மீறிய எடையும் இதனால் குறையும். மாலை வெயில் தாழ்ந்த பிறகு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் கணக்குச் சரியாகிவிடும். நடக்கும்போது பக்கத்திலிருப்பவரிடம் மூச்சிரைக்காமல் பேச முடிந்தால் அந்த வேகம் சரி. இரத்தசோகை கடுமையாக இருப்பவர்களும், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பயிற்சியைத் தொடங்கக் கூடாது.

உட்கார்ந்து செய்யும் வேலையில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து பத்தடி நடக்க வேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டியும் மடக்கியும் மாற்றி மாற்றி அமர வேண்டும். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு நெடுநேரம் மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் பெரிய இரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றலைக் கொண்டுவரும். கழிப்பறைக்குப் போவதை நினைத்துத் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும் பழக்கத்தைக் கட்டாயம் விட வேண்டும். இந்த வட்டார வெயிலில் அது சிறுநீர்த் தொற்றுக்கும் மயக்கத்துக்கும் வழிவிடும்.

மருந்து அறையில் இடமில்லை

இந்த ஒன்றில் மட்டும் சமரசம் கூடாது. பட்டாசு மருந்து கலக்கும் அறையிலும் செலுத்தும் அறையிலும் கர்ப்பிணி இருக்கவே கூடாது. கந்தகமும் அலுமினியத் தூளும் மூச்சோடு உள்ளே போகின்றன. ஈயம் தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையை எட்டும். பட்டாசில் ஈயச் சேர்மங்களை 2017இலேயே உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது. ஆனால் அனுமதியில்லாமல் வீட்டுக்குள் வைத்துச் செய்யும் வேலையில் என்ன கலந்திருக்கிறது என்று யார் பார்ப்பது?

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது, ஓடி வெளியேற வழி வேண்டும் என்ற பட்டாசு ஆலை விதிகளெல்லாம் தீப்பொறி விழுந்த நொடியில் எல்லோரும் தப்பிக்க முடியும் என்ற கணக்கில் வந்தவை. தளர்ந்த மூட்டும் முன்சாய்ந்த சமநிலையுமாக எட்டாம் மாதத்தில் இருப்பவரால் தரையிலிருந்து சட்டென எழவே முடியாது. அவரை அங்கே உட்கார வைப்பவர் அந்தக் கணக்கைப் பொய்யாக்குகிறார்.

காகிதக் குழாய் உருட்டுவது, லேபிள் ஒட்டுவது போன்ற வேலைகளை மருந்துக்கு எட்டத்தில் வைத்தே கொடுக்க முடியும். வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்ற வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டைத் தொடக் கூடாது.

உடனே நிறுத்த வேண்டிய நேரம்

இரத்தக்கசிவு, நீர் கசிதல், நெஞ்சுவலி, ஓய்ந்த பிறகும் நீங்காத மூச்சிரைப்பு, கடும் தலைவலி, பார்வை மங்கல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, குழந்தையின் அசைவு குறைவது. இவற்றில் எது வந்தாலும் நடையோ வேலையோ அங்கேயே நிற்க வேண்டும். 108ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

கேட்டுப் பெற வேண்டியவை

மகப்பேறு நலன் பற்றிய சட்டப்படி, பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரத்துக்கும் முன்னால் வரும் ஒரு மாதத்தில், கர்ப்பிணி கேட்டுக்கொண்டால் கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ கொடுக்கக் கூடாது. 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு உண்டு. முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். இஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்களுக்கு இந்தப் பணம் இஎஸ்ஐ வழியாக வரும். ஆகவே வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்கிறதா என்று முதல் மாதத்திலேயே பார்த்துக்கொள்வது அவசியம்.

வீட்டில் தீப்பெட்டி ஒட்டுபவருக்கு அந்தப் பதிவேடே கிடையாது. அவருக்குக் கைகொடுப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி அது. நாள் தள்ளிப்போனதும், பன்னிரண்டு வாரம் முடிவதற்குள், கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். எந்த வேலை செய்கிறார், எத்தனை மணி நேரம் தரையில் உட்கார்கிறார், மருந்து அருகில் இருக்கிறதா என்பதையும் அன்றைக்கே செவிலியரிடம் சொல்லிவிடலாம்.