ஸ்லைடு கிட்டார்: கோளாறு காதில் இல்லை, கையில்

கிட்டாரில் நாலைந்து பாட்டு வாசிக்கத் தெரிந்தவர்கள்கூட, ஸ்லைடு குழாயை விரலில் மாட்டியதும் திணறிப் போகிறார்கள். கம்பி அலறுகிறது, சுருதி விலகுகிறது. தனக்குக் காது இல்லை என்று முடிவுகட்டி, கிட்டாரைச் சுவரோரம் சாத்திவிடுவதும் உண்டு. ஈப்போ புந்தோங்கிலோ சுங்கை சிப்புட் தோட்டங்களிலோ கோயில் பஜனை கேட்டு வளர்ந்தவர்களுக்குக் காது இல்லாமல் போகாது. கோளாறு கையில்தான்.

முதல் தவறு அழுத்துவது. விரலால் வாசிக்கும்போது கம்பி மெட்டில் படும்வரை அழுத்த வேண்டும். ஸ்லைடு கம்பியின் மேல் படிந்தாலே போதும். பால்மரம் வெட்டியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலோடு போனால் பால் வராது. இங்கும் அந்தக் கைப்பக்குவம்தான். அழுத்தினால் குழாய் மெட்டில் இடிக்கும், பட்டும் படாமலும் இருந்தால் கம்பி கரகரக்கும். கம்பிகள் மிகத் தாழ்வாக இருந்தால் சற்று உயர்த்திக்கொள்வது நல்லது.

அடுத்தது இடம். விரல் இரண்டு மெட்டுகளுக்கு இடையில் அழுத்திப் பழகியிருக்கும். ஸ்லைடு மெட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். குழாயைச் சுண்டுவிரலில் மாட்டினால், மற்ற விரல்களால் அதன் பின்னால் கம்பிகளை மெல்லத் தொட்டு மூடலாம். வேண்டாத இரைச்சல் பெரும்பாலும் அதிலேயே அடங்கும்.

சுருதி சேர்ப்பதிலும் ஒரு வசதி இருக்கிறது. வழக்கமான சுருதியிலிருந்து 6, 2, 1ஆம் கம்பிகளை இரண்டு மெட்டு அளவும், 3ஆம் கம்பியை ஒரு மெட்டு அளவும் இறக்கினால், தடித்த கம்பியிலிருந்து ச, ப, ச, அந்தர காந்தாரம், ப, ச என்று வரும். மேற்கத்தியர் ‘ஓபன் டி’ என்பது இதைத்தான். இனி மெல்லிய கம்பி ஒன்றே போதும். திறந்த கம்பி ச. 2, 4, 7, 9, 12ஆம் மெட்டுகள் ரி, க, ப, த, மேல் ச. மோகனம் கைக்கு வந்துவிட்டது.

இந்த வாசிப்பு தமிழருக்கு அந்நியமும் அல்ல. கோட்டு வாத்தியம் எனப்படும் சித்திரவீணையில் மெட்டே கிடையாது. கம்பிமேல் கட்டையை நகர்த்தித்தான் கமகம் பிடிக்கிறார்கள். புதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் அதில் பெயர் பெற்றவர். கிட்டாரையே மாற்றியமைத்து மோகன வீணையாக வாசிக்கும் விஸ்வ மோகன் பட், ரை கூடருடன் செய்த இசைத்தொகுப்புக்காக 1994இல் கிராமி விருது பெற்றார்.

பயிற்சிக்குக் கைப்பேசியில் தம்புரா செயலி ஒன்றை ஓடவிடலாம். சவிலிருந்து ரிக்கு மெதுவாக நகர்ந்து, நின்று, கேட்க வேண்டும். காந்தாரத்தில் குழாயை மெட்டுக்கு ஒரு நூல் முன்னதாக, அதாவது கிட்டாரின் தலைப் பக்கமாக நிறுத்திப் பார்த்தால் தம்புராவோடு இன்னும் இழையும். கண் மெட்டைப் பார்க்கும், நிற்கும் இடத்தைக் காது சொல்லும். குழாயை அசைத்து நடுக்கம் கொடுப்பதெல்லாம் அந்த நிற்றல் கைகூடிய பிறகுதான்.